தெம்பே சமைக்கப் புறப்பட்ட பிள்ளைகளுக்கு

புரட்டாசி நெருங்கினாலும் சரி, கிளினிக்கில் கொழுப்பு கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பினாலும் சரி, இங்கே மலேசியாவில் நம் இளையவர்கள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “பாட்டி, இறைச்சிய விட்டுட்டு தெம்பே சாப்பிடலாமா? மட்டன் மாதிரி இருக்குமா?” கேட்பவர்களில் பாதிப் பேர் அதைச் சின்ன வயதிலிருந்தே கடைத்தட்டில் பார்த்தவர்கள். ஆனால் வீட்டு அடுப்பில் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. சிலாங்கூர் கரையோரத்தில் ஜாவாக்காரர்களின் கம்பங்களை ஒட்டி வாழ்ந்தவள் நான். எங்கள் தலைமுறைப் பெண்கள் பலருக்கு இது பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து வந்து சேர்ந்த பழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

1. மட்டனை எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

சைவக் கடைகளில் கிடைக்கும் ‘சைவ மட்டன்’, ‘சைவ மீன்’ எல்லாம் வேறு வகை. அவை சீனப் பௌத்தர்களின் சைவச் சமையலிலிருந்து வந்தவை. கோதுமைப் புரதத்தையும் சோயாவையும் கொண்டு, இறைச்சியின் நாரும் நிறமும் தெரியும்படி செய்யப்படுபவை. தின்கிறவர் ஏமாற வேண்டும் என்றே செய்தது அது. அதில் ஒரு தவறும் இல்லை, எனக்கும் பிடிக்கும். தெம்பே அப்படி எதையும் நடிப்பதில்லை.

ஜாவாக்காரர்கள் அதை எதற்கும் பதிலாகத் தின்பதில்லை. ஜொகூரில் பத்து பஹாட், மூவார் பக்கமோ, சிலாங்கூரில் சபாக் பெர்ணம் பக்கமோ போனால் நாசி அம்பெங் சாப்பிட்டுப் பாருங்கள். பெரிய தாம்பாளத்தில் வாழை இலை விரித்து, நடுவில் சோறு, சுற்றிலும் கோழி, வறுத்த தேங்காய்ப்பூ, மீ, தெம்பே என்று வைத்து நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள். கோழி இருக்கிறதே, தெம்பே எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் சைவமாக இருந்தால் கோழியைத் தொடாமல் விடப்போகிறீர்கள், அவ்வளவுதான்.

இறைச்சிக்கு மாற்று என்ற பேச்சு பெரிதாகக் கிளம்பியது அமெரிக்காவில். 1970களில் டென்னஸி மாநிலத்தில் ‘தி ஃபார்ம்’ என்று ஒரு கூட்டுவாழ்வுச் சமூகம் இருந்தது. சைவம் உண்ட இளைஞர்கள். அவர்கள் தாங்களே தெம்பே செய்யக் கற்று, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். 1979இல் வில்லியம் ஷர்ட்லெஃப், அகிகோ அயோயாகி தம்பதியர் ‘தி புக் ஆஃப் டெம்பே’ என்று தனிப் புத்தகமே போட்டார்கள். அந்தப் போக்கில்தான் பர்கருக்குள் வைப்பது, பேக்கன் மாதிரிச் சீவிப் புகைமணம் ஏற்றுவது எல்லாம் வந்தன. அதையும் செய்யலாம். ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். ஜாவாவில் பல தலைமுறையாகச் சமைத்துவருகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ‘செராட் செந்தினி’ என்ற ஜாவானியப் பெருநூலிலேயே தெம்பே வருகிறது. முதலில் அவர்கள் சமைக்கிற விதத்தில் சமைத்துப் பாருங்கள்.

2. தின்பது என்ன என்று தெரிந்துகொண்டு தின்னுங்கள்.

சோயாவை வேகவைத்து, ஊறவைத்து, தோல் நீக்கி, மறுபடி வேகவைத்து, நீர் வடித்து ஆறவிட்டு, ஒரு பூசணத்தின் விதையைத் தூவிப் பொட்டலம் கட்டி வைக்கிறார்கள். ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ் என்பது அந்தப் பூசணத்தின் பெயர். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை இழைகள் பருப்புக்குப் பருப்பு ஊடுருவி, மொத்தத்தையும் ஒரே கட்டியாக இறுக்கிவிடும். கத்தியால் வெட்டினால் உதிராது.

பூசணம் என்றதும் முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. அதனால் அருவருப்பதும் இல்லை. இங்கே வேலை செய்கிறவர் வெள்ளையாக வெளியே தெரிகிறார், வித்தியாசம் அதுதான்.

முன்பெல்லாம் அந்த விதைக்குப் பாக்கெட் கிடையாது. வாரு என்ற, பூவரசுக்கு உறவான மரத்தின் இலையிலோ தேக்கு இலையிலோ பூசணத்தை வளர்த்து, காயவைத்து, அடுத்த ஈட்டுக்கு எடுத்துத் தேய்ப்பார்கள். ஊசார் என்று அதற்குப் பெயர். ஜாவாவில் இன்றும் சிலர் அதைக் கைவிடவில்லை. தோலை நீக்குவதற்குக் கூடையில் போட்டுக் காலால் மிதிப்பதும் பழைய வழக்கம். இப்போது அதற்கு இயந்திரம் வந்துவிட்டது.

3. நொதித்த சோயா எல்லாம் ஒன்றல்ல.

ஜப்பானிய நாட்டோ பிசுபிசுவென்று நூலிழுக்கும்; அதைச் செய்வது பாக்டீரியா. நேபாளம், சிக்கிம் பக்கத்துக் கினேமா, நாகாலாந்தின் ஆக்சோன், மணிப்பூரின் ஹவாய்ஜார் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மணம் தூக்கலானவை. சீனக் கடைகளில் ஜாடியில் விற்கும் புளித்த சோயாக் கட்டி, உப்புக்கும் சுவைக்கும் விரல் நுனியளவு தொட்டுக்கொள்வது. இவற்றில் எதையும் கறித்துண்டுக்கு ஈடாகத் தட்டில் வைத்து வயிறு நிறைக்க முடியாது. அதற்கு வாய்த்தது தெம்பே ஒன்றுதான். டோஃபு நொதித்ததே அல்ல. அது சோயாப்பாலைத் திரித்து அழுத்தியது.

4. வாங்கும்போது கண்ணையும் மூக்கையும் நம்புங்கள்.

சந்தையில் இரண்டு விதமாகக் கிடைக்கும்: வாழை இலைப் பொட்டலம், பிளாஸ்டிக் பொட்டலம். இலையில் கட்டியதற்கு ஒரு மணம் கூடுதல். எனக்கு அதுதான் பிடிக்கும் என்றாலும், பிளாஸ்டிக்கில் வருவதை மட்டமாகப் பேசமாட்டேன். நன்றாகச் செய்திருந்தால் அதுவும் நல்ல தெம்பேதான்.

நல்லது எப்படி இருக்கும்? வெள்ளையாக, பஞ்சு பூத்த மேற்பரப்போடு, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கையில் எடுத்தால் லேசான சூடுகூட இருக்கலாம். கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். பூசணம் வளரும்போது தானே வெப்பம் விடும். மணம் காளானையும் வேகவைத்த பருப்பையும் நினைவூட்டும். அங்கங்கே சாம்பல், கறுப்புத் திட்டுகள் இருந்தால் பூசணம் முற்றி விதை வைக்கிறது என்று பொருள். காற்றுத் துளை பக்கத்தில் அது அதிகம் தெரியும். தின்னலாம், ஒன்றும் செய்யாது.

இளஞ்சிவப்பு, பச்சை, நீலம், ஆரஞ்சு எது தெரிந்தாலும் வாங்காதீர்கள். வழவழப்பாக இருந்தாலும், அழுகல் வாடை அடித்தாலும் அப்படியே. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கிற சிக்கனம் இதில் வேண்டாம்.

லேசான அமோனியா நெடி மட்டும் இருந்தால் முற்றிப்போனது. மத்திய ஜாவாவிலும் கிழக்கு ஜாவாவிலும் வேண்டுமென்றே முற்றவிட்ட தெம்பேயை அரைத்துத் தேங்காய்ப்பால் விட்டு சம்பால் தும்பாங் என்று செய்வார்கள். ருசி கண்டவர்களுக்கு அது தேவாமிர்தம். புதிதாக வருகிறவர் அதில் வாய் வைத்தால் தெம்பே பக்கமே அப்புறம் திரும்பமாட்டார்.

5. பச்சையாகத் தின்னாதீர்கள்.

2012இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆஷ்வில் நகரில் தெம்பே வழியாக சால்மொனெல்லா பரவிப் பலர் படுத்தார்கள். சூடுபடுத்திக் கிருமி நீக்காத தெம்பே அது. தேடிப் பார்த்ததில் தூவிய விதைப்பொடியிலேயே கிருமி இருந்திருக்கிறது. நன்றாகச் சூடேற்றினால் அந்தக் கிருமி சாகும். பச்சைத் தெம்பே வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்குவதும் கூடாது. கோழிக்கு இந்தக் கவனத்தைத் தானாகவே எடுப்பீர்கள். இது சைவம்தானே என்று இங்கே அசந்துவிடுவீர்கள்.

6. முதல் நாள் வறுத்துத் தின்னுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெம்பே பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள். பெரிய கட்டிகளாக வெட்டி, வறுக்காமல், கொதிக்கும் குழம்பில் போட்டுவிடுவார்கள். உள்ளே உப்பு ஏறாது. வெளியே மசாலா, உள்ளே சப்பென்ற பருப்பு. யாருக்குத்தான் பிடிக்கும்?

அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவுங்கள். அம்மியிலோ மிக்சியிலோ மூன்று பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மல்லி, உப்பு, துளி மஞ்சள் வைத்து அரைத்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கரையுங்கள். கரைசலை வாயில் வைத்தால் உப்பு ஒரு சுற்று தூக்கலாக இருக்க வேண்டும். தெம்பேயில் தன்னுப்பு கிடையாது. துண்டுகளின் மேல் கத்தியால் இரண்டு கீறு கீறி, பத்துப் பதினைந்து நிமிடம் அதில் ஊறவிடுங்கள். எடுத்து நன்றாக நீர் வடித்த பிறகு, காய்ந்த எண்ணெயில் இருபக்கமும் பொன்னிறமாகும்வரை வறுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும். எண்ணெய் சூடேறாமல் போட்டால் தெம்பே எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று செய்தாலும் சமையல் கெட்டுவிடும்.

பூண்டும் மல்லியும் ஜாவாக்காரர்களின் அடிப்படைச் சேர்க்கை. நம் கைக்கும் பழகியதுதான் என்பதால் தமிழ் வீட்டில் இந்த வாசனை அந்நியமாகத் தெரிவதில்லை. வறுத்ததைச் சுடச்சுடச் சோற்றோடு, ஒரு சம்பாலோ ரசமோ வைத்துக்கொண்டு தின்னுங்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கொட்டைப் பருப்பின் ருசி. மட்டன் இல்லை. ஆனால் பல்லுக்கு வேலை இருக்கும், வாய்க்குக் கனம் இருக்கும். இறைச்சி தின்று பழகியவர்கள் காய்கறித் தட்டில் தேடுவதும் அதைத்தான்.

ஆலையில் அடைத்து உறைநிலையில் வரும் தெம்பே சில நேரம் லேசாகக் கசக்கும். பத்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்துவிட்டு ஊறவிட்டால் கசப்பு தணியும், உப்பும் நன்றாக ஏறும். எண்ணெய் ஆகாதவர்கள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவி நிதானமாக வாட்டலாம். ஏர் ஃப்ரையரில் வைத்தால் கொஞ்சம் வறண்டுபோகும், பரவாயில்லை.

7. பிறகு ஜாவாவைச் சுற்றிப் பாருங்கள், தட்டிலாவது.

பூர்வோகெர்த்தோ, பன்யூமாஸ் பக்கத்து மெண்டோவான்: மெல்லிய அகலத் துண்டை வெங்காயத்தாள் போட்ட மாவில் தோய்த்து, அரைவேக்காட்டில், மாவு மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தின்பார்கள். யோக்யகர்த்தாவின் பாச்செம்: பனைவெல்லம், புளி, மல்லி, பேரரத்தை, இளநீர் சேர்த்து நீர் வற்றும்வரை வேகவைத்து, பிறகு வறுப்பது. இனிப்பாக இருக்கும். நம் ஆட்கள் முதலில் திகைத்து, இரண்டாவது துண்டையும் எடுப்பார்கள். மாலாங் நகரில் சானான் என்ற பகுதியே தெம்பே சிப்ஸுக்குப் பேர்போனது. தீக்குச்சி மாதிரி அரிந்து வறுத்து, சர்க்கரையும் மிளகாயும் புளியும் பாகாகப் பிரட்டியது டப்பாவில் நாள்பட இருக்கும். விடுதியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பத் தோதானது.

கடையில் தின்கிறவர்கள், அதுவும் விரதம் இருக்கிறவர்கள், ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். மலாய்க்காரர் கடை சம்பால் தெம்பேயில் நெத்திலி இருக்கும். இல்லையென்றால் சம்பாலிலேயே பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். வெள்ளையாய்ச் சாதுவாய் இருக்கிறதே என்று லோந்தோங் வாங்கினால், அதன் மேல் ஊற்றும் சாயூர் லோடேயில் காய்ந்த இறால் அரைத்து விட்டிருப்பார்கள். மீன் வறுத்த எண்ணெயிலேயே தெம்பேயும் வறுபடும். அது அவர்கள் சமையல் முறை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கேட்காமல் தின்றுவிட்டு அப்புறம் வருந்துகிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

8. நம் மசாலாவுக்குள் கடைசியில் விடுங்கள்.

இரண்டு மூன்று தடவை வறுத்துத் தின்றபின் பிரட்டலுக்கு வரலாம். மட்டன் பிரட்டலுக்கு வதக்குகிற அதே வெங்காயம், இஞ்சி பூண்டு, பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் எல்லாம் வதக்கி எண்ணெய் பிரிந்து கெட்டியானதும், முன்பே ஊறவைத்து வறுத்த தெம்பேயைப் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டி இறக்குங்கள். மட்டனுக்கு நேரம் கொடுத்தால் மெத்தென்று ஆகும். தெம்பே ஏற்கெனவே வெந்தது, இன்னும் வேகவிட்டு ஆவது ஒன்றும் இல்லை. குக்கரில் போட்டு ஆறு விசில் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எதற்கு?

மிளகு வறுவல் நன்றாக வரும். புளிக்குழம்பில் கடைசியில் போட்டால் நன்றாக வரும். தேங்காய்ப்பால் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஜாவாவிலும் தேங்காய்ப்பாலோடுதான் அதைக் கூட்டுவார்கள். உதிர்த்து, வெங்காயத்தோடு கொத்துக்கறி மாதிரி வதக்கிச் சமோசாவுக்கு உள்ளே வைக்கலாம். சாம்பாரில் மட்டும் போடாதீர்கள் என்பேன். பருப்பில் பருப்பு, ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். இது என் கட்சி. உங்களுக்குப் பிடித்தால் தின்னுங்கள்.

9. எண்களைச் சரியாக ஒப்பிடுங்கள்.

100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், 11 கிராம் கொழுப்பு, 190 கலோரி. வறுக்கும் எண்ணெய் இதற்கு மேல். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் 31 கிராம் புரதம். ஆக, கோழிக்குச் சமம் என்று சொல்லித் திரிய வேண்டாம். ஆனால் சைவத் தட்டில் இத்தனை புரதம் ஒரே துண்டில் கிடைப்பது அரிது. இன்னொரு குழப்பம் மீல் மேக்கரில் வரும். பொட்டலத்தில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் என்று போட்டிருப்பார்கள். அது உலர்ந்த எடை. தண்ணீரில் ஊறி இரண்டு மூன்று மடங்கு கனத்த பிறகு கணக்குப் போடுங்கள், தெம்பேக்கு அருகில் வந்து நிற்கும். மேலும் மீல் மேக்கர் எண்ணெய் எடுத்த சக்கையிலிருந்து வருவது; தெம்பே முழுப் பருப்பு.

இரும்புச் சத்தும் இருக்கிறது. நொதிக்கும்போது பைட்டிக் அமிலம் குறைவதால் அது உடலில் சேர வழி கொஞ்சம் இலேசாகிறது. தட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இன்னும் நல்லது.

10. பி12க்குத் தெம்பேயை நம்பாதீர்கள்.

இருக்கிறது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சில தெம்பேயில் கொஞ்சம் இருப்பது உண்மைதான், ஆனால் அதைத் தருவது பூசணம் அல்ல. செய்யும்போது தற்செயலாகக் கூட வந்து சேர்கிற பாக்டீரியா. சுத்தமாகச் செய்த ஆலைத் தெம்பேயில் இல்லாமலே போகலாம். பாலும் முட்டையும்கூட விடப்போகிறீர்கள் என்றால் பி12 மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள்.

11. வயிற்றைப் பழக்குங்கள்.

சோயாவை வெறுமனே அவித்துத் தின்றால் வயிறு உப்பும். அதற்குக் காரணமான சர்க்கரைகள் ஊறும்போதும் வேகும்போதும் நொதிக்கும்போதும் பெருமளவு போய்விடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜாவாவின் கைதி முகாம்களில் வயிற்றுக்கடுப்பால் நலிந்துபோன கைதிகளுக்கு அவித்த சோயா செரிக்கவில்லை, தெம்பே செரித்தது என்று அங்கே அடைபட்டிருந்த டச்சு விஞ்ஞானிகள் பிறகு எழுதினார்கள். அதற்காக முதல் நாளே அரைக் கிலோ தின்ன வேண்டாம். கைப்பிடியளவு போதும்.

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. நொதித்தாலும் சோயா சோயாதான். தைராய்டுக்கு லெவோதைராக்சின் மாத்திரை போடுகிறவர்கள் அதை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, சோயா உணவை சில மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். மாத்திரை உடலில் சேருவதை சோயா குறைக்கக்கூடும். மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மருந்து எடுக்கிறவர்கள் நொதித்த உணவு எதுவானாலும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

12. குளிர்பெட்டியில் அடுக்கி வைக்காதீர்கள்.

சந்தையிலிருந்து சூடாக வந்த பொட்டலங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் உள்ளது ஆறாமல் கறுத்துப்போகும். தனித்தனியாகப் பரப்பி ஆறவிடுங்கள். கீழ்த்தட்டில் நாலைந்து நாள் தாங்கும். ஃப்ரீசரில் மாதக்கணக்கில்.

13. வீட்டில் செய்ய ஆசை வந்தால், முதலில் பத்துத் தடவை வாங்கித் தின்றிருங்கள்.

நல்ல தெம்பே எப்படி மணக்கும் என்று தெரியாதவர் செய்தால், கெட்டது எது என்றும் தெரியாது. விதைப்பொடியை நம்பகமான இடத்தில் வாங்குங்கள். ஆஷ்வில் கதையைச் சொன்னேன் அல்லவா?

அரைக் கிலோ சோயாவை அரைமணி வேகவைத்து, அந்த இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் லேசாகப் புளித்திருந்தால் நல்லது. அந்தப் புளிப்புதான் வேண்டாத கிருமிகளைத் தடுக்கும். குளிர்ப் பிரதேசத்தில் புளிக்காது, அங்கே வினிகர் கலந்துகொள்கிறார்கள். கையால் பிசைந்து தோலை மிதக்கவிட்டு வடியுங்கள். அலுப்பான வேலை, குறுக்கு வழி வேண்டுமானால் தோல் நீக்கி உடைத்த சோயா வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி மெத்தென்று வேகவைத்து, வடித்து, துணியில் பரப்பி மேற்பரப்பு காயும்வரை ஆறவிடுங்கள். ஈரம் இருந்தால் வழவழத்துக் கெட்டுப்போகும். கைச்சூட்டுக்கு ஆறியதும் பொட்டலத்தில் எழுதிய அளவுக்கு விதையைத் தூவிக் கலந்து, ஊசியால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு துளை இட்ட பையில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு நிரப்புங்கள். துளை குறைந்தால் பூசணத்துக்கு மூச்சு முட்டும், கூடினால் கறுக்கும்.

30 முதல் 32 டிகிரி சூடு வேண்டும். மலேசியாவிலும் தமிழ்நாட்டின் சமவெளியிலும் சமையலறை மேடையே போதும். பொட்டலம் கம்பித்தட்டின் மேல் இருக்கட்டும், கீழேயும் காற்று போக வேண்டும். அரை நாள் கழிந்தபின் அது தானே சூடாகத் தொடங்கும். அப்போது மேலே போர்த்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒன்று முதல் இரண்டு நாளுக்குள் வெள்ளையாக இறுகியிருக்கும். இறுகியவுடன் எடுத்துச் சமைத்துவிடுங்கள், அல்லது குளிரில் வையுங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால் முற்றிவிடும்.

14. தேங்காயில் செய்து பார்க்காதீர்கள்.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொண்டைக்கடலையில், காராமணியில் தெம்பே செய்யலாம், செய்கிறார்கள். ஜாவாவில் பூனைக்காலி விதையில்கூட நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சை வடித்துச் செய்கிறார்கள். தேங்காய் வேறு. பன்யூமாஸ் பக்கத்தில் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் தெம்பே பொங்க்ரெக் என்று செய்வார்கள், ஏழைகளின் உணவு. அதில் ஒரு பாக்டீரியா புகுந்தால் பொங்க்ரெக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும். சமைத்தாலும் போகாது. 1930களிலேயே வான் வேன் என்ற டச்சு விஞ்ஞானியும் மெர்டென்ஸ் என்பவரும் அந்த நஞ்சைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். 1988இல் இந்தோனேசிய அரசு அதைச் செய்வதையே தடை செய்தது. நம் வீட்டில் தேங்காய்ச் சக்கைக்குக் குறைவே இல்லை, வீணாகிறதே என்று யாருக்காவது தோன்றலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

15. மலிவு என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். மலிவாகவே இருக்கும் என்றும் நம்பாதீர்கள்.

தெம்பே தேசமாக இருக்காதீர்கள் என்று இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்ணோவே ஒரு காலத்தில் தன் மக்களுக்கு மேடையில் சொன்னார். எளிய தீனி, மெல்லிய மனம் என்ற எண்ணம் அப்போது. அதே தெம்பேயை மேற்கு நாட்டு உணவகங்கள் இன்று பெருமையாகப் பட்டியலில் போடுகின்றன. ஆனால் ஜாவாக்காரர் ஊறவைக்கும் சோயாவில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருவது. அமெரிக்காவில் விலை ஏறினால் ஜாவாவில் தெம்பேக் கட்டி மெலியும். 2008 ஜனவரியில் விலை தாங்காமல் தெம்பே, டோஃபு செய்கிறவர்கள் ஜகார்த்தாவில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 2012இலும் 2021இலும் செய்வதை நிறுத்தினார்கள்; சந்தையில் தெம்பே இல்லாத நாட்கள் வந்தன. சிறு வீட்டுத் தொழிலாகச் செய்கிறவர்களிடம் பத்துச் சென்னுக்குப் பேரம் பேசாதீர்கள்.

16. வீட்டில் யாரையும் ஏமாற்றி ஊட்டாதீர்கள்.

மட்டன் என்று சொல்லி மாமனாருக்குப் பரிமாறிவிட்டுப் பின்னால் சிரிக்கிற வேலை வேண்டாம். சோயா ஆகாதவர் ஒருவர் பந்தியில் இருந்தால் அது வினையாகும். இல்லாவிட்டாலும், மட்டனை நினைத்துக் கடிக்கிற நாக்குக்குத் தெம்பே எப்போதும் தோற்றுத்தான் போகும். இன்னதென்று சொல்லிப் பரிமாறுங்கள். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். ஒரு மாதம், வாரம் ஒரு நாள், நீங்கள் மட்டும் வறுத்துத் தின்னுங்கள். வாணலியிலிருந்து எடுத்து வைத்த துண்டுகள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே குறையத் தொடங்கினால், அடுத்த வாரம் இன்னொரு பொட்டலம் சேர்த்து வாங்குங்கள்.